‘டா’வுக்கு ஆங்கிலம் இல்லை

மதுரைப் பக்கம் ஒரு பேருந்து நிறுத்தம். அதை ஒட்டி ஒரு டீக்கடை. வீட்டுப் பத்திரத்தை யாரிடமும் சொல்லாமல் அடகு வைத்துவிட்டு வந்து நிற்கிறான் ஓர் இளைஞன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவன் சித்தப்பா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுகிறார். “நீ உன் மனசுல என்னதான்டா நெனச்சுக்கிட்டு இருக்க?” என்கிறார். கடையில் பேச்சு நின்றுபோகிறது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இதுபோன்ற நூறு காட்சிகளைத் தமிழ்ப் படம் பார்க்கும் எவரும் பார்த்திருப்பார்கள். இந்த வரியில் தமிழருக்கு விளக்க ஒன்றுமில்லை. அடுத்த நொடி அறை விழலாம், அழுகையும் வரலாம் என்பது வரை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. சிக்கல் தொடங்குவது, அதே படம் வெளிநாட்டு விழாவுக்கோ ஓடிடி தளத்துக்கோ போகும்போது. திரையின் அடியில் ஓர் ஆங்கில வரி வர வேண்டும். அதை எழுத உட்காருபவருக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். அலுவலக மின்னஞ்சல் எழுதுவார், ஆங்கில நாவல் படிப்பார். இந்த ஒரு வரியில் மட்டும் கை நின்றுவிடும்.

முதலில் தோன்றுவது, “வாட் ஆர் யூ திங்கிங் இன் யுவர் மைண்ட்?” லண்டனில் இருப்பவர் இதைப் படித்தால், யாரோ ஒருவர் சாவகாசமாக அடுத்தவரின் சிந்தனையை விசாரிக்கிறார் என்றே நினைப்பார். அடுத்தது, “வாட் டு யூ திங்க் ஆஃப் யுவர்செல்ஃப்?” இந்தியாவில் பள்ளிக்கூடம் முதல் அபார்ட்மென்ட் கூட்டம் வரை ஆங்கிலத்தில் சண்டை போடுபவர்கள் தயங்காமல் வீசும் வரி இது. ‘உன்ன பத்தி என்ன நெனச்சுக்கிட்டு இருக்க’ என்பதன் நேர் ஆங்கிலம். இந்தியாவுக்கு வெளியே இதன் பொருள் வேறு: உன்னைப் பற்றி உன் சொந்த மதிப்பீடு என்ன? வேலைக்கான நேர்காணலில் கேட்கத் தகுந்த கேள்வி அது.

ஆங்கிலேயரும் அமெரிக்கரும் அந்த இடத்தில் சொல்வது, “ஹூ டு யூ திங்க் யூ ஆர்?” சொல்லுக்குச் சொல் பார்த்தால், ‘நீ யார் என்று நீ நினைக்கிறாய்?’ நினைப்பு என்பது இரண்டு மொழியிலும் இருக்கிறது. தமிழில் ‘என்ன’ என்று கேட்பதை ஆங்கிலத்தில் ‘யார்’ என்று கேட்கிறார்கள். அவ்வளவுதான் வேறுபாடு, ஆனால் அதில்தான் வரி உயிரோடு நிற்கிறதா விழுகிறதா என்பது இருக்கிறது.

சண்டைப் பேச்சு ஏன் இவ்வளவு படுத்துகிறது? சாப்பாட்டைப் பற்றியோ வானிலையைப் பற்றியோ பேசும் வரியைச் சற்றுப் பிசகாக மொழிபெயர்த்தாலும் காட்சி ஓடிவிடும். கோபத்தில் பேசும் வரியில் செய்தியை விட உறவுதான் அதிகம் பேசப்படுகிறது. யார் மேலே, யார் கீழே, எவ்வளவு தூரம் போகலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அந்த அரை நிமிடத்தில் முடிவாகிறது. இதை ஒரு கோட்பாடாகவே எழுதிய இருவரின் ஆய்வில் தமிழுக்கும் பங்கு உண்டு. பெனலப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற மொழியியலாளர்கள் மரியாதைப் பேச்சைப் பற்றி எழுதிய ஆய்வு 1978-ல் வெளிவந்து 1987-ல் தனி நூலானது. உலக மொழிகளின் பணிவு முறைகளை ஒப்பிட அவர்கள் முதன்மையாக எடுத்துக்கொண்டவை மூன்று: ஆங்கிலம், மெக்சிகோவில் பேசப்படும் செல்தால் என்ற மாயன் மொழி, கோவை வட்டாரக் கிராமத்துத் தமிழ்.

அந்த ஆய்வின் மையச் சொல் ‘முகம்’. சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1955-ல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வந்த கருத்து அது. நாலு பேர் முன்னால் ஒருவர் தனக்கென்று வைத்திருக்கும் மதிப்புதான் அந்த முகம். பிறர் முகத்துக்குப் பங்கம் வரும் எதையும் மனிதர்கள் சுற்றி வளைத்து, பஞ்சில் பொதிந்து பேசுகிறார்கள் என்பது பிரவுனும் லெவின்சனும் காட்டியது. ‘மொகத்துல அடிச்ச மாதிரி பேசிட்டான்’, ‘மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்கிறது’ என்று பேசிப் பழகியவர்களுக்கு இந்தக் கருத்து புதிதாக இருக்காது. சண்டை என்பது அந்தப் பஞ்சை எடுத்துவிட்டுப் பேசுவது. பஞ்சு மொழிக்கு மொழி வேறுவேறு இடத்தில் இருப்பதால், அதை எடுக்கும் விதமும் வேறுபடுகிறது.

தமிழில் அது பெரும்பாலும் விகுதியில் இருக்கிறது. ‘வாங்க’, ‘வா’, ‘வாடா’ என்று மூன்று படி. மேல் படியிலிருந்து கீழ்ப் படிக்கு இறங்கினாலே போதும், வேறு ஒரு கெட்ட வார்த்தையும் தேவையில்லை. ‘என்னங்க’ என்று தொடங்கிய பேச்சு ‘என்னய்யா’ ஆகி, ‘என்னடா’ ஆகும்போது பக்கத்தில் நிற்பவர்கள் நடுவில் புகுந்து விலக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ‘யூ’. மன்னருக்கும் யூ, திருடனுக்கும் யூ.

எப்போதும் அப்படி இருந்ததில்லை. ஆங்கிலத்திலும் ‘தௌ’ என்ற ஒருமைச் சொல் இருந்தது. நண்பனிடமும் குழந்தையிடமும் அன்பாகச் சொல்லலாம்; சமமானவரிடம் கோபமாகச் சொன்னால் வசை. 1603 நவம்பரில் வின்செஸ்டர் நகரில் சர் வால்டர் ராலேவின் மீது தேசத்துரோக வழக்கு நடந்தது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் எட்வர்ட் கோக், ராலேவைத் ‘தௌ’ என்று விளித்ததோடு நிற்கவில்லை. ‘உன்னை நான் தௌ என்றுதான் சொல்வேன்’ என்று பொருள்பட அந்தச் சொல்லையே வினைச்சொல்லாக்கிச் சபையில் வீசினார். ‘உன்னை டா போட்டுத்தான்டா பேசுவேன்’ என்று தமிழில் கேட்டால் எப்படி இருக்குமோ, அப்படி. ஷேக்ஸ்பியரின் ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தில் இதைவிடப் பொருத்தமான இடம் ஒன்று உண்டு. ஒருவருக்குச் சவால் கடிதம் எழுத வேண்டும். எழுதப் போகும் அப்பாவிக்கு அவருடைய குடிகார நண்பர் சொல்லும் யோசனைகளில் ஒன்று, எதிராளியைச் சில தடவை ‘தௌ’ போட்டு எழுது என்பது. சண்டை வரிக்குச் சரியான சொல் தேடுவது நானூறு ஆண்டுக்கு முன்பே மேடையேறிய விஷயம்.

பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் ஜார்ஜ் ஃபாக்ஸும் அவரைப் பின்பற்றிய குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும், கடவுள் முன் எல்லாரும் சமம் என்று நீதிபதியிலிருந்து பிரபு வரை எல்லாரையும் ஒருமையில் அழைத்தார்கள். அதற்காக வசையும் அடியும் வாங்கினார்கள். பிறகு ‘தௌ’ பொதுப் பேச்சிலிருந்து மெல்ல மறைந்து, பிரார்த்தனையிலும் சில வட்டார வழக்குகளிலும் மட்டும் தங்கியது. அதோடு ஆங்கிலத்தின் ‘டா’ போயிற்று.

கோபம் போகவில்லை. அது வேறு இடங்களுக்குக் குடிபெயர்ந்தது. ஆங்கிலச் சண்டை வரி எழுதுபவர் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது அந்த இடங்களைத்தான்.

மிகச் சிறிய சொற்களில் அது ஒளிந்திருக்கிறது. “வாட்ஸ் த ப்ராப்ளம்?” என்றால் உதவிக்கு வருபவரின் கேள்வி. வழியில் நின்றுவிட்ட வண்டியைப் பார்த்து மெக்கானிக் கேட்பது. “வாட்ஸ் யுவர் ப்ராப்ளம்?” என்றால் சட்டையைப் பிடிக்கப் போகிறவரின் கேள்வி. மாறியது ஒரே சொல். “வாட்ஸ் த மேட்டர்?” என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் கேட்பார். கடைசியில் “வித் யூ” என்று இரண்டு சொல் சேர்ந்தால் அதே அம்மா திட்டுகிறார். தமிழில் ‘உனக்கு என்ன பிரச்சினை?’ என்பதை ஆறுதலாகவும் கேட்கலாம், அதட்டலாகவும் கேட்கலாம், குரல்தான் சொல்லும். ஆங்கிலத்தில் எழுத்திலேயே தெரிந்துவிடுகிறது. இதைக் கவனிக்காமல் போனால், ஆறுதல் சொல்ல வந்த கதாபாத்திரம் சண்டைக்கு வந்ததுபோல் ஆகிவிடும்.

‘என்னதான்’ என்பதில் உள்ள ‘தான்’ பொறுமை தீர்ந்துவிட்டதைச் சொல்கிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்வது ‘த ஹெல்’. வாயில் கெட்ட சொல் வராத கதாபாத்திரம் என்றால் ‘ஆன் எர்த்’. “வாட் ஆன் எர்த் ஆர் யூ டூயிங்?” என்று ஓர் ஆசிரியை கேட்கலாம். அதையே லாரி ஓட்டுநர் வாயில் வைத்தால் ஒட்டாது. அதேபோல் ‘ஜஸ்ட்’. “வாட் டிட் யூ சே?” என்பது காது கேட்காதவரும் கேட்கும் கேள்வி. நடுவே ‘ஜஸ்ட்’ வந்தால், நன்றாகக் கேட்டுவிட்டது, திருப்பிச் சொல்லிப் பார் என்று பொருள். தமிழில் ‘இப்ப என்ன சொன்ன?’ என்பதில் உள்ள ‘இப்ப’ இதே வேலையைச் செய்கிறது.

‘முறைக்கிறது’ என்ற அருமையான சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஈடு தேடி அகராதியைப் புரட்டினால் ‘ஸ்டேர்’, ‘க்ளேர்’ எல்லாம் வரும். ‘என்னடா மொறைக்கிற?’ என்ற வரிக்கு அவை இரண்டாம்பட்சம்தான். தெருவில் வழங்குவது சாதாரணப் ‘பார்’தான்: “வாட் ஆர் யூ லுக்கிங் அட்?” அதையும் முழுசாகச் சொல்லத் தேவையில்லை. கேள்வியின் முன்னால் வரும் துணைவினையை விழுங்கிவிட்டு “யூ லுக்கிங் அட் மி?” என்றால், பேசுபவர் ஓரடி முன்னால் வந்துவிட்டதுபோல் இருக்கும். 1976-ல் வந்த ‘டாக்ஸி டிரைவர்’ படத்தில் ராபர்ட் டி நிரோ கண்ணாடி முன் நின்று பேசும் புகழ்பெற்ற வசனமும் இப்படித் துணைவினையை விட்ட கேள்விதான். பால் ஷ்ரேடரின் திரைக்கதையில் அந்த இடத்தில் வசனம் கிடையாது. கண்ணாடியைப் பார்த்துத் தனக்குத்தானே பேசுகிறான் என்ற குறிப்பு மட்டும் இருந்தது. பேச்சை நடிகரே அங்கே உருவாக்கினார். உட்கார்ந்து எழுதியிருந்தால் இலக்கணம் அந்தத் துணைவினையைக் கொண்டுவந்து சேர்த்திருக்கலாம். வாய் சேர்க்கவில்லை.

பள்ளிக்கூடத்து இலக்கணம் சண்டை வரிக்குப் பகை என்பதற்கு இன்னொரு சான்று ‘ஹூம்’. ‘யார்கிட்ட பேசுறோம்னு தெரிஞ்சுதான் பேசுறியா?’ என்பதற்கு இலக்கணப்படி “ஹூம் டு யூ திங்க் யூ ஆர் டாக்கிங் டு?” என்றுதான் எழுத வேண்டும். மதிப்பெண் கிடைக்கும், மிரட்டல் கிடைக்காது. கோபத்தில் இருக்கும் எந்த ஆங்கிலேயரும் ‘ஹூ’ என்றுதான் தொடங்குவார்.

இன்னும் நுட்பமான பொறி, ‘நான் யாருன்னு தெரியுமா?’ தமிழ்ப் படத்தில் இது நாயகனின் வரி. சொன்னதும் விசில் பறக்கும். “டு யூ நோ ஹூ ஐ ஆம்?” என்று சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் அப்படியே இருக்கிறது, இலக்கணமும் சரி. ஆனால் ஆங்கிலச் சமூகத்தில் அந்த வரிக்கு ஒரு பெயர் உண்டு: விமான நிலையத்தில் வரிசையில் நிற்க மறுக்கும் பிரபலத்தின் வரி, ஓட்டலில் மேசை கிடைக்காத பணக்காரரின் வரி. அதைச் சொல்பவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். நாயகனைக் காப்பாற்ற வேண்டுமென்றால் பார்வையை அவனிடமிருந்து எதிராளியிடம் திருப்ப வேண்டும்: “யூ ஹேவ் நோ ஐடியா ஹூ யூ ஆர் டீலிங் வித்.” தன்னைப் பற்றிப் பேசாமல் அடுத்தவனின் அறியாமையைப் பேசும்போது கம்பீரம் திரும்பிவிடுகிறது. சொற்கள் சரியாக இருந்தும் வரி தப்பாகும் இப்படிப்பட்ட இடங்களில்தான் நல்ல மொழிபெயர்ப்பாளரின் காது தெரியும்.

ஆங்கிலம் கோபத்தை ஒளித்து வைத்திருக்கும் இடங்களில் மிகவும் வளமானது மரியாதைதான். ‘தௌ’வை இழந்த மொழி, மேலே ஏறி நின்று அடிக்கக் கற்றுக்கொண்டது. முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தால் ஆங்கிலேயர் கேட்பது, “கேன் ஐ ஹெல்ப் யூ?” உதவி செய்யும் எண்ணம் துளியும் அதில் இல்லை. தமிழ்நாட்டில் அதே இடத்தில் ‘யாருங்க வேணும்?’ என்று கேட்போம். இரண்டுக்கும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: இங்கே உனக்கு என்ன வேலை. அதேபோல் ‘மரியாதையா போயிடு’. இதை ‘ரெஸ்பெக்ட்’ என்ற சொல்லைப் போட்டு ஆங்கிலமாக்கினால் வணங்கிவிட்டுப் போகச் சொல்வதுபோல் ஆகிவிடும். “ஐ சஜஸ்ட் யூ லீவ்” என்றால் போதும். யோசனை சொல்வதுபோல் தணிந்த குரலில் வரும் அந்த வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எதிரில் நிற்பவருக்குத் தெரியும்.

இதற்கு வரலாற்றில் பதிவான பெரிய உதாரணம் 1954 ஜூன் 9 அன்று வாஷிங்டனில் நடந்தது. கம்யூனிஸ்ட் வேட்டை என்ற பெயரில் பலரின் வாழ்க்கையை உலுக்கிக்கொண்டிருந்த செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி, ராணுவத்துக்கும் அவருக்கும் இடையிலான மோதல் குறித்த விசாரணையில், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஜோசப் வெல்ச்சின் அலுவலகத்தில் பணியாற்றிய ஓர் இளம் வழக்கறிஞரைத் தொலைக்காட்சிக் கேமராக்கள் முன் குற்றம் சாட்டினார். வெல்ச் கத்தவில்லை. ‘உங்களிடம் கண்ணியம் என்ற உணர்வே எஞ்சவில்லையா, ஐயா’ என்று பொருள்படக் கேட்டார். ‘சர்’ என்ற விளியை விடவில்லை. ‘டோன்ட் யூ ஹேவ்’ என்ற அன்றாட அமைப்பை விட்டு, ‘ஹேவ் யூ’ என்று தொடங்கும் பழைய அமைப்பில் கேட்டார். அந்தப் பழமையால் கேள்வி தெருவிலிருந்து விலகி, தேவாலயத்தில் கேட்பதுபோல் ஒலித்தது. அரங்கில் கைதட்டல் எழுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் செனட் மெக்கார்த்தியைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஒரு வரிதான் அவரை வீழ்த்தியது என்று சொல்ல முடியாது; ஆனால் அந்த விசாரணைகளிலிருந்து இன்றும் நினைவுகூரப்படுவது அந்த வரிதான்.

பழைய அமைப்புக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்பதை 2019 செப்டம்பர் 23 அன்று நியூயார்க்கில் ஐ.நா. பருவநிலை மாநாட்டில் கிரெட்டா துன்பர்க் காட்டினார். உலகத் தலைவர்களைப் பார்த்து அவர் சொன்ன “ஹௌ டேர் யூ” அன்றாடச் சண்டையில் சற்று நாடகத்தனமாகத் தோன்றும் சொற்றொடர். பெரியவர்கள் சிறியவர்களை அதட்டும் வரி அது. பதினாறு வயதுப் பெண் பெரியவர்களை நோக்கி அதைத் திருப்பியதால் உலகம் முழுக்க ஒலித்தது. ‘என்ன தைரியம் இருந்தா’ என்று தமிழில் வரும் இடத்திலெல்லாம் இதைப் போட்டு நிரப்பும் பழக்கம் சப்டைட்டில்களில் உண்டு. பத்தில் ஒன்பது இடங்களில் அது டீக்கடைக்காரருக்கு ராஜா உடை மாட்டியதுபோல் இருக்கும்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலோ கோபத்துக்கு மரியாதைதான் சட்டம். சக உறுப்பினரைப் பொய்யர் என்று சொல்லக் கூடாது. 2021 ஜூலையில் டான் பட்லர் என்ற உறுப்பினர், பிரதமர் போரிஸ் ஜான்சன் பொய் சொன்னார் என்று கூறியதைத் திரும்பப் பெற மறுத்ததால் அவையிலிருந்து வெளியேற்றப்பட்டார். சுற்றி வளைத்துச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு அங்கே வழி உண்டு. ‘வித் ரெஸ்பெக்ட்’ என்று ஓர் ஆங்கிலேயர் தொடங்கினால், அடுத்து வருவதில் மரியாதை இருக்காது என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

சண்டை வரியில் எது இயல்பான ஆங்கிலம் என்பதையே சண்டையாக்கி ஒரு நாடகம் இருக்கிறது. ஹரோல்ட் பின்டரின் ‘த டம் வெய்ட்டர்’, லண்டனில் 1960 ஜனவரியில் மேடையேறியது. ஜன்னலில்லாத ஓர் அறையில் இரண்டு கூலிக் கொலையாளிகள் காத்திருக்கிறார்கள். மூத்தவன் பென், இளையவன் கஸ்ஸிடம் தேநீர் போடச் சொல்கிறான். ‘கெட்டிலைப் பற்றவை’ என்ற சொற்களில். பற்றவைப்பது அடுப்பைத்தானே, கெட்டிலை எப்படிப் பற்றவைப்பது என்கிறான் கஸ். அது வழக்குச் சொல் என்று ஒருவன், அப்படி யாரும் சொல்வதில்லை என்று மற்றவன். யார் அப்படிச் சொல்லிக் கேட்டாய், எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று பேச்சு ஏறி, இங்கே யார் பெரியவன் என்பதில் வந்து நிற்கிறது. பென், கஸ்ஸின் கழுத்தைப் பிடித்துவிடுகிறான். சற்று நேரம் கழித்து பென்னே தன்னை மறந்து கஸ் வாதிட்ட மாதிரியே சொல்லிவிடுகிறான். ஒரு மரபுத்தொடர் சரியா தவறா என்பதில் ஒருவனின் முகம் முழுக்க அடங்கியிருக்க முடியும் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய காட்சி வேறு கிடைப்பது கடினம்.

இயல்பு என்பதும் ஊரைப் பொறுத்தது. சிங்கப்பூரில் ஒருவர் முறைத்துப் பார்த்தால் “ஸ்டேர் வாட் ஸ்டேர்?” என்று கேட்பார்கள். சீன மொழியின் அமைப்பில் பிறந்த சிங்லிஷ் அது. தமிழும் ஆட்சிமொழியாக இருக்கும் அந்த ஊரில் நடக்கும் கதையில், அங்கே பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞன் இப்படித்தான் பேசுவான். அவன் வாயில் லண்டன் ஆங்கிலத்தைத் திணித்தால் அதுதான் செயற்கை. சென்னையில் நடக்கும் ஆங்கில நாவலில் ஒரு ஹவுஸ் ஓனர் “வாட் டு யூ திங்க் ஆஃப் யுவர்செல்ஃப்?” என்று கத்தினால் அது பிழையல்ல, அவருடைய குரல். முல்க் ராஜ் ஆனந்த் 1935-ல் வந்த ‘அன்டச்சபிள்’ நாவலில் வட இந்தியத் தெரு வசைகளைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கித் துணிந்து எழுதினார். அந்த மனிதர்கள் அந்த ஊரில் அந்த மொழியில் பேசுகிறார்கள் என்பதை வாசகர் மறக்கக் கூடாது என்றால் அதுவும் ஒரு வழி. கேட்க வேண்டிய கேள்வி, கதாபாத்திரம் கதைக்குள் ஆங்கிலம் பேசுகிறதா, தமிழ் பேசி நாம் அதை ஆங்கிலத்தில் படிக்கிறோமா என்பது. டீக்கடைச் சித்தப்பா தமிழில்தான் பேசுகிறார். அவர் தமிழ் எவ்வளவு சரளமோ, கீழே வரும் ஆங்கிலமும் அவ்வளவு சரளமாக இருக்க வேண்டும்.

உறவுச்சொற்களின் கதை தனி. அண்ணே, மாமா, தம்பி எல்லாம் ஆங்கிலத்தில் பெயர்களாக மட்டுமே நிற்கும், விளியாக உருளாது. ‘தம்பி, ஓரமா போ’ என்பதில் உள்ள தம்பி பாசமில்லை, எச்சரிக்கை. பிரிட்டனில் ‘மேட்’, அமெரிக்காவில் ‘பட்டி’, ‘பால்’ ஆகியவை இந்த வேலையைச் செய்யும். நண்பன் என்று பொருள்படும் இந்தச் சொற்கள் முன்பின் தெரியாதவரிடம் இறுகிய குரலில் வரும்போது நட்பு போய்விடுகிறது. சிறியவனை மட்டம்தட்ட ‘சன்’. ஒரு தாய் தன் மகனை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், ஏதோ உடைந்திருக்கிறது என்று எந்த ஆங்கிலக் குழந்தைக்கும் தெரியும்.

எழுதுபவருக்கு இடமும் குறைவு. நெட்ஃபிளிக்ஸ் வகுத்த விதிப்படி ஆங்கில சப்டைட்டிலில் ஒரே நேரத்தில் இரண்டு வரிதான், ஒரு வரிக்கு 42 எழுத்துதான். ஒரு வசனம் திரையில் ஏழு நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. பெரியவர்களுக்கான நிகழ்ச்சியில் நொடிக்கு 20 எழுத்து வரை போகலாம். தமிழ்ச் சண்டையில் ஒரு மூச்சில் மூன்று வாக்கியம் வரும். ‘ஒரு அறை விட்டேன்னா…’ என்று பாதியில் நிற்கும் தமிழ் மிரட்டலுக்கு “ஒன் மோர் வேர்ட்…” என்று பாதியில் நிற்கும் ஆங்கிலம் அழகாகப் பொருந்துகிறது. ‘வெளிய வாடா, பாத்துக்கலாம்’ என்பதற்கு “யூ வான்னா டேக் திஸ் அவுட்சைட்?” அச்சாகக் கிடைக்கிறது. சில கோபங்கள் எல்லா ஊரிலும் வாசலைத் தாண்டித்தான் தீர்கின்றன போலும்.

கெட்ட வார்த்தையைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் வழுக்கும் இடம். அமெரிக்காவில் பதின்மூன்று வயதுக்கான சான்றிதழுள்ள படத்தில் அந்த நான்கெழுத்துச் சொல் வசவாக ஒரு முறைக்கு மேல் வந்தால், வழக்கமாக அடுத்த கடுமையான சான்றிதழுக்குத் தள்ளப்படும். பிரிட்டனில் ஒளிபரப்பு ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காம், எந்தச் சொல் மக்களை எவ்வளவு உறுத்துகிறது என்று ஆய்வு நடத்தி மிதம், நடுத்தரம், கடுமை என்று வரிசைப்படுத்துகிறது. ‘டா’ அந்தப் பட்டியல் எதிலும் வரக்கூடிய சொல் அல்ல. அதற்குப் பதில் கடுமையான வசைச் சொல்லைப் போட்டால், தமிழில் வீட்டுக்குள் நடக்கும் சண்டை ஆங்கிலத்தில் சாராயக்கடைக்குப் போய்விடும்.

ஒரு வரி உண்மையில் வழக்கில் இருக்கிறதா என்று பார்க்க இப்போது வழி இருக்கிறது. பிரிட்டிஷ் நேஷனல் கார்பஸ் என்ற தொகுப்பில் பத்துக் கோடிச் சொற்கள் உள்ளன. அதில் சுமார் ஒரு கோடி, பேசிப் பதிவு செய்த பேச்சு. மொழியியலாளர் மார்க் டேவிஸ் தொகுத்த தொலைக்காட்சி, திரைப்படத் தொகுப்புகளில் பல பத்தாண்டு வசனங்கள் கோடிக்கணக்கான சொற்களாகத் தேடக் கிடைக்கின்றன. ஒரு சொற்றொடரை இட்டால் யார், எந்தச் சூழலில் சொன்னார்கள் என்று வரிசையாக வரும். லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜொனதன் கல்பெப்பர் போன்றவர்கள், லண்டன் போக்குவரத்து ஊழியர்களுக்கும் வாகன ஓட்டிகளுக்கும் நடந்த நிஜச் சண்டைகளைப் பதிவு செய்த பிபிசி தொடரை எடுத்து வரிவரியாக ஆராய்ந்திருக்கிறார்கள். வெட்டிப் பேசும் கேள்வி, வாயை அடைக்கும் சொல், விரட்டும் சொல், மிரட்டல், சொன்னது மண்டையில் ஏறியதா என்று உறுதிசெய்யும் ‘புரியுதா?’ வகைச் சொல் என்று ஆங்கில வசவுக்கும் ஒரு வாய்பாடு இருப்பது இந்த வகை ஆய்வுகளில் தெரிகிறது.

தொகுப்பில் இருக்கிறது என்பதாலேயே காட்சிக்குப் பொருந்திவிடாது. அதற்கு அந்த வரியைத் தாண்டி அடுத்த வரியையும் படிக்க வேண்டும். டீக்கடையில் சித்தப்பாவின் கேள்விக்கு இளைஞன் தலையைக் குனிந்துகொண்டு ஒரு பதில் சொல்கிறான்: “ஒண்ணும் நெனக்கல சித்தப்பா.”

இங்கே “ஹூ டு யூ திங்க் யூ ஆர்?” உடைந்துவிடுகிறது. ‘உன்ன யாருன்னு நெனச்சுக்கிட்ட’ என்ற கேள்விக்கு ‘ஒண்ணும் நெனக்கல’ என்பது பதிலாகாது. அந்த ஆங்கில வரி அதிகப்பிரசங்கித்தனம் செய்யும் அந்நியனுக்கு உரியது. குடும்பத்துப் பிள்ளை வீட்டை அடகு வைத்துவிட்டு நிற்கும்போது பெரியவர் கேட்பது அதுவல்ல. அவர் கேட்பது, எந்த நினைப்பில் இதைச் செய்தாய் என்று. ஆங்கிலத்தில் அதற்கு வேறு வரி இருக்கிறது: “வாட் த ஹெல் வேர் யூ திங்கிங்?” ‘என்னதான்’ அதில் வந்துவிட்டது. நினைப்பும் வந்துவிட்டது. இடைவெளி சேர்த்து 32 எழுத்து, இரண்டு நொடிக்குள் படித்துவிடலாம். பதிலுக்கு இரண்டே சொல்: “ஐ வாஸ்ன்ட்.” சித்தப்பா என்ற சொல்லை ஆங்கிலத்தில் எங்கும் வைக்க முடியவில்லை. அவன் குனிந்த தலை திரையில் இருக்கிறது.